வாங்கும்போது வெள்ளி, விற்கும்போது டச்

அம்மா வீட்டு மொட்டை மாடி ஒழுக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. முதலில் சமையலறை மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரத்திட்டு. போன ஐப்பசி மழையில் அது நடந்து நடந்து ஹாலுக்கே வந்துவிட்டது. கொத்தனார் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, பழைய தட்டோட்டை முழுசாகப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். நான் தருகிறேன் என்றேன். அம்மா காதிலேயே வாங்கவில்லை. "வெள்ளி வெலை ஏறிக் கெடக்குதுன்னு டிவியில நாள் பூரா சொல்றானே, பரண்ல சும்மா கெடக்கறத எறக்கு" என்றாள்.

2025 தீபாவளி சமயம் அது. அக்டோபரில் வெள்ளி கிராம் 200 ரூபாயைத் தாண்டிவிட்டு, அப்புறம் மளமளவென்று இறங்கியிருந்தது. நாங்கள் பெட்டியை இறக்கிய அன்று கடைப் பலகையில் 170. சேலத்தில் வெள்ளி விலை என்பது மழை, வெயில் மாதிரி. யாரும் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. பால் வாங்கப் போன இடத்தில் சொல்வார்கள். செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கடைகள், சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை என்று இருக்கும் ஊர். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தும், ஒரு கிராம் வெள்ளியை எப்படி விற்பது என்று எனக்குத் தெரியாது. வாங்க மட்டும்தான் தெரியும்.

டிரங்குப் பெட்டிக்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றி எல்லாம் இருந்தது. முதலில் வெளியே வந்தது பாட்டியின் காப்பு இரண்டு. கன்னங்கரேல் என்று, மொத்தையாக, சைக்கிள் பூட்டு மாதிரி இருக்கும். அப்பாவின் அம்மாவுக்கு 1938இல் கல்யாணம். அவருடைய அப்பா 26 வெள்ளி ரூபாயை ஆசாரியிடம் எண்ணிக் கொடுத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உருக்கி முடிக்கும்வரை நகராமல் இருந்து செய்து வாங்கிய காப்பு என்பது குடும்பக் கதை. அடுத்து என்னுடையதும் அக்காவுடையதுமாக நான்கு ஜோடிக் கொலுசு. அப்புறம் மாமா சீராகக் கொண்டுவந்த குத்துவிளக்கு ஒரு ஜோடி. குங்குமச்சிமிழ், சந்தனக் கிண்ணம், எங்களுக்குப் பால் புகட்டிய பாலாடை. கிரகப்பிரவேசத்துக்கு அம்மாவின் சிநேகிதி கொடுத்த, பூவேலை செய்த பெரிய தட்டு. ஒரு துணி முடிச்சில் மூன்று ராஜா தலை ரூபாய்.

பாலாடையையும் சிமிழையும் அம்மா உடனே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிண்ணத்தையும் தட்டையும் ரூபாயையும் ஒதுக்கிவிட்டு, மற்றதைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். காப்பு 298 கிராம், கொலுசு 260, விளக்கு 640. மொத்தம் 1,198. அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் நான் கைப்பேசியைத் தேடுவதற்குள், "ரெண்டு லட்சத்துக்கு மேல வரும்" என்று சொல்லிவிட்டாள். கணக்கு சரிதான். 1,198ஐ 170ஆல் பெருக்கினால் 2,03,660. அந்தத் தொகையை ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

முதலில் போனது கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள ஒரு பெரிய கடைக்கு. பழைய வெள்ளி எடுக்கும் மேசை உள்ளே ஒரு ஓரத்தில் இருந்தது. (புது நகை விற்கும் இடத்தில் காபி கொடுக்கிறார்கள், பழையதை எடுக்கும் இடத்தில் நாற்காலி கூட ஒன்றுதான்.) விளக்கைத் திறந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று ஒதுக்கி வைத்துவிட்டு, காப்பையும் கொலுசையும் ஒன்றாகத் தட்டில் போட்டார் மேசையில் இருந்தவர். 558 கிராம். எங்கள் சமையலறைத் தராசு மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

"எங்க கடை பில் இருக்காம்மா?"

"இல்லீங்க."

"அப்ப வெளி வெள்ளி. எடையில முப்பது போகும். எடுக்கற ரேட்டு இன்னிக்கு 160."

"பலகையில 170 போட்டிருக்கே?"

"அது நாங்க விக்கற ரேட்டும்மா."

அதாவது 558 கிராமில் 30 சதவீதம் கழித்து 390.6 கிராம். அதை 160ஆல் பெருக்கி 62,496 ரூபாய். பணத்துக்குப் பதில் புதுப் பொருளாக எடுத்துக்கொண்டால் கழிவு 25தான் என்று ஒரு சலுகையும் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் யோசித்துச் சொல்கிறோம் என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. காப்பை மட்டும் இன்னொரு தடவை கையில் எடுத்து, எடையைக் கையாலேயே தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அந்த ஒரு விநாடியை நான் அப்போது கவனித்தேனே தவிர, அர்த்தம் புரியவில்லை.

அர்த்தம் சொன்னவர் சித்தப்பா. அப்பாவுக்குத் தூரத்து முறையில் தம்பி. நாற்பது வருடம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்து, கண் பார்வை மங்கியதும் விட்டவர். கடையில் நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எல்லாத்தையும் ஒரே தட்டுலயா வெச்சீங்க அண்ணி?"

காப்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார். ரூபாய் உருக்கிச் செய்தது என்றால் இது 91 டச்சுக்குக் கொஞ்சமும் குறையாது என்றார். நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதுதான் டச். வெள்ளைக்காரன் காலத்து ரூபாய் ஒரு தோலா எடை, 11.66 கிராம். அதில் பன்னிரண்டு பங்குக்குப் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. சதவீதத்தில் 91.67. 1940 முதல் அதைப் பாதிக்குப் பாதியாகக் குறைத்தார்கள். போர் முடிந்த பிறகு நிக்கலுக்கே போய்விட்டார்கள். பாட்டி கல்யாணம் 1938. 26 ரூபாய் என்றால் 303 கிராம். காப்பு 298. அடுப்பிலும் அரத்திலும் தேய்மானத்திலும் 87 வருடத்தில் போனது மொத்தம் ஐந்து கிராம். எதிரே உட்கார்ந்திருந்த கொள்ளுத்தாத்தாவின் கண்ணுக்கு இன்றைக்கு ஒரு கும்பிடு.

கொலுசு வேறு கதை. சுத்த வெள்ளி மெத்து. அதில் மெல்லிய கண்ணி செய்தால் நாலு நாளில் இழுபட்டு அறுந்துவிடும். அதனால் செம்பு சேர்ப்பார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது. 80 டச் கொலுசு உண்டு, 70 உண்டு, 60 உண்டு, அதற்குக் கீழேயும் உண்டு. பாலிஷ் போட்டபிறகு எல்லாம் ஒரே வெள்ளைதான். இது போதாதென்று ஒவ்வொரு கண்ணிக்கும் சலங்கைக்கும் பற்றவைப்பு. பற்றவைக்கும் பொடியில் துத்தநாகம் இருக்கும். அதுவும் வெள்ளி எடையில்தான் சேரும்.

இப்போது கடைக்காரர் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். காப்பில் சுத்த வெள்ளி சுமார் 270 கிராம். அதற்கு அவர் கொடுப்பதாகச் சொன்னது 298இல் 70 சதவீதம், அதாவது 208.6 கிராம். கொலுசில் சுத்த வெள்ளி 160, 165 இருக்கலாம். அதற்குக் கொடுப்பதாகச் சொன்னது 182. கொலுசில் அவருக்கு நஷ்டம். காப்பில் அறுபது கிராம் லாபம். 'எல்லாவற்றுக்கும் முப்பது' என்று பொதுவாகச் சொல்வது கடைக்கு வசதி. நல்ல வெள்ளி கொண்டுவருகிறவர், மட்ட வெள்ளி கொண்டுவருகிறவருக்கும் சேர்த்துப் படி அளக்கிறார். ஒரே ஆள் இரண்டையும் கொண்டுவந்தால் இன்னும் வசதி. காப்பை அவர் கையில் தூக்கிப் பார்த்தது இதற்குத்தான்.

நானும் சளைத்தவள் இல்லையே. மறுநாள் நூறு ரூபாய் கொடுத்து டச் பார்க்கும் இடத்துக்குப் போனோம். எக்ஸ்ரே வைத்துப் பார்க்கும் மிஷின். பொருளை உள்ளே வைத்து மூடினால் அரை நிமிடத்தில் திரையில் வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு என்று வந்துவிடும். காப்பு 91. கொலுசுப் பட்டையில் 67. விளக்கில் 83. ஆனால் அந்த மிஷின் மேல்தோலைத்தான் பார்க்கும், மயிரிழையை விட மெல்லிய ஆழத்துக்கு. மேலே வெள்ளி முலாம் இருந்தால் அதைப் படித்துவிட்டு நல்ல பிள்ளையாகச் சொல்லிவிடும். அதனால் அங்கிருந்த பையன் பூவேலைத் தட்டின் அடியில் ஓரமாக ஒரு கீறல் போட்டுவிட்டு வைத்தான். திரையில் செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர். அம்மா தட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கிருந்தே எனக்கு ஒரு குயுக்தி தோன்றியது. எல்லாவற்றுக்கும் முப்பது கழிவு என்றால், 67 டச் கொலுசை மட்டும் அந்தப் பெரிய கடையில் போட்டுவிட்டு, காப்பை வேறு இடத்தில் கொடுத்தால் என்ன? அம்மாவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அதே மேசை, அதே ஆள்.

"கொலுசு மட்டுமாம்மா? அம்பது போகும்."

"நேத்து முப்பதுன்னீங்களே?"

"நேத்து காப்பும் சேர்ந்து இருந்துச்சேம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் பாடம் படித்தவள் முப்பது வருடம் மேசையில் உட்கார்ந்தவரை ஏமாற்றப் போனால் இப்படித்தான்.

கடைசியில் சித்தப்பா சொன்ன உருக்குப் பட்டறைக்குப் போனோம். செவ்வாய்பேட்டையில் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை. வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். மூசை என்கிற உருக்கும் கிண்ணத்தில் காப்பைப் போட்டு, மேலே வெண்காரத்தைத் தூவி, நெருப்பை வைத்தார்கள். முதலில் அந்தக் கறுப்பு போனது. கறுப்பு என்பது காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படியும் படலம். எடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. 'அழுக்கு' என்று சொல்லி அதற்கும் கிராம் கணக்கில் கழிக்கும் ஆட்கள் உண்டாம். அப்புறம் காப்பு தன் உருவத்தை விட்டது. உருகிய வெள்ளி தன் கன அளவைப் போல் இருபது மடங்கு பிராணவாயுவைக் குடித்துவிடும் என்று படித்திருக்கிறேன். ஆறி இறுகும்போது அதைத் துப்பும். கட்டியின் மேல்பக்கம் சின்னச் சின்னதாகக் கொப்பளித்து அடங்கியதைப் பார்த்தபோது, அது கடைசியாக ஒரு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அம்மா என்ன நினைத்தாளோ, "எங்க மாமியார் கோவம் வந்தா இப்படித்தான் பொருமுவாங்க" என்றாள்.

காப்பு 297 கிராம் கட்டியானது. மூலையில் வெட்டி டச் பார்த்ததில் 90.6. கொலுசு போடும்போது வெள்ளைப் புகை வந்தது. வெள்ளி உருகுவதற்கு முன்பே, 907 டிகிரியிலேயே, துத்தநாகம் ஆவியாகிவிடும். பற்றவைப்பில் வெள்ளி விலைக்கு வாங்கியது இப்படிப் புகையாகப் போகும். 260 கிராம் 251 ஆனது, டச் 64. மிஷின் மேல்தோலில் காட்டியது 67.

விளக்குதான் எல்லோரையும் உட்கார வைத்தது. அடித்தட்டைச் சூடு காட்டித் திறந்ததும் உள்ளேயிருந்து செக்கச்செவேல் என்று அரக்கு ஒழுகியது. அறை முழுக்க கோந்து எரியும் நெடி. தண்டுக்குள் நிமிர்ந்து நிற்பதற்காக ஒரு இரும்புக் கம்பி. அரக்கும் இரும்பும் நீக்கியபிறகு 640 கிராமில் மிஞ்சியது 455. உருக்கியபின் 452, டச் 82. மாமாவின் ரசீது அம்மாவிடம் இருந்தது, எடை 640 என்றே போட்டிருந்தார்கள். பாவம், 185 கிராம் அரக்குக்கும் இரும்புக்கும் வெள்ளி விலை கொடுத்துச் சீர் செய்திருக்கிறார். மாமா இப்போது இல்லை என்பதில் எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக் கூட இருந்தது.

கட்டிகளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் கட்டி வெள்ளி வாங்குபவரிடம் போனோம். ஆதார் நகல், பான் நகல், எங்கிருந்து வந்த பொருள் என்று ஒரு கையெழுத்து. திருட்டுப் பொருள் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கதை ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் என்றார். ஒரு நாளில் ஒரு ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. டச்சைப் பெருக்கிச் சுத்த வெள்ளிக்கு கிராம் 166 கொடுத்தார். காப்புக்கு 44,654. கொலுசுக்கு 26,660. விளக்குக்கு 61,520. எல்லாம் சேர்த்து 1,32,834.

அம்மாவின் இரண்டு லட்சம் கிட்டத்தட்ட எழுபதாயிரம் குறைந்திருந்தது. ஆனால் அதில் வியாபாரி எடுத்தது எவ்வளவு என்று பார்த்தால், கிராமுக்கு நான்கு ரூபாய் வீதம் மூவாயிரத்துச் சொச்சம்தான். மற்றது எங்கள் பொருளில் எப்போதுமே இல்லாத வெள்ளி. செம்பு, துத்தநாகம், அரக்கு, இரும்பு. அந்தப் பணம் பல வருடங்களுக்கு முன்பே, நாங்கள் வாங்கிய அன்றே, கடைக்குப் போய்விட்டது. நாங்கள்தான் அதை வீட்டில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதல் கடையோடு ஒப்பிட்டால்? காப்பும் கொலுசும் அங்கே 62,496. இங்கே 71,314. வித்தியாசம் எட்டாயிரத்து எண்ணூறு. உருக்குகூலி, டச் கூலி, மூன்று நாள் ஆட்டோ, அம்மாவின் முழங்கால் வலி எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் அவ்வளவு பிரமாதம் இல்லை. நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: வேலைக்குப் போகிற, லீவு கிடைக்காத ஒருவர் அந்த 62 ஆயிரத்தை வாங்கிக்கொண்டு போனால் நான் குறை சொல்ல மாட்டேன். அலைச்சலும் ஒரு கூலிதான். அதைக் கடை எடுத்துக்கொள்கிறது.

கட்டி வாங்கியவர் பேச்சுப் பிரியர். விலை ஏறினால் உங்களுக்குக் கொள்ளை லாபம்தானே என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். அவர் இன்று வாங்கிய வெள்ளியை இன்று சாயங்காலத்துக்குள் அதே எடைக்கு வேறொருவரிடம் விலை பேசிவிடுவார். இல்லாவிட்டால் எம்சிஎக்ஸ் என்ற முன்பேரச் சந்தையில், பின்னால் கொடுப்பதற்கு இன்றே விலை பேசி, அந்த அளவுக்கு விற்று வைத்துவிடுவார். பெரிய ஒப்பந்தம் 30 கிலோ, மினி 5 கிலோ, மைக்ரோ 1 கிலோ. பொருள் சுத்திகரிப்புக்குப் போய் 999 பாளமாக, அதாவது ஆயிரத்துக்கு 999 பங்கு சுத்த வெள்ளியாகத் திரும்பி வரும்வரை விலை எங்கே போனாலும் அவருக்குக் கவலை இல்லை. அவருக்கு வேண்டியது அந்த மூன்று, நான்கு ரூபாய் இடைவெளி. அதிலும் சுத்திகரிப்புக் கூலி போகும், சேதம் போகும். "வெலை மேல பந்தயம் கட்டறவன் வியாபாரி இல்லீங்க, அவன் தெருவுக்கு வந்துருவான்" என்றார்.

அதனால்தான் விலை தாறுமாறாக ஓடும் நாட்களில் பழைய வெள்ளிக்குக் கழிவும் கூடுகிறது. காலையில் வாங்கியது மாலைக்குள் கிராமுக்குப் பத்து ரூபாய் இறங்கலாம் என்றால், அந்தப் பத்தை முன்கூட்டியே உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். 1980 ஜனவரியில் அமெரிக்காவில் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்து அவுன்ஸ் 50 டாலர் பக்கம் கொண்டுபோனார்கள் இல்லையா, அப்போது அங்கே வீட்டு ஸ்பூனையும் தட்டையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அந்த மார்ச் 27ஆம் தேதி விலை 11 டாலருக்கும் கீழே விழுந்தது. பழைய உச்சத்தைத் திரும்ப எட்டித் தாண்ட 45 வருடம் ஆகி, 2025 அக்டோபரில்தான் நடந்தது. உச்சத்தில் விற்கிறோம் என்று சந்தோஷப்படும்போது, எதிரே இருப்பவர் விழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் நோட்டை எண்ணுகிறார்.

சரி, அப்படியானால் வெள்ளியில் லாபம் எங்கே? இதைச் சித்தப்பாவிடம்தான் கேட்டேன். கொஞ்சநேரம் வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "விக்கும்போது இல்ல கண்ணு. நீ வாங்கும்போது."

70 டச் கொலுசு நூறு கிராம் வாங்குகிறீர்கள். பெரும்பாலும் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, பலகை விலைதான் என்பார்கள். நமக்கும் சந்தோஷம். 170 வீதம் 17,000, அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. ஆனால் அந்தக் கொலுசில் உள்ள வெள்ளி 70 கிராம், 11,900 ரூபாய்க்குத்தான். மீதி 5,100இல் செம்பு கொஞ்சம், பட்டறைக் கூலி கொஞ்சம், மொத்த வியாபாரிக்குக் கொஞ்சம், கடைக்கு மீதம். செய்கூலியை எங்கேயும் விடவில்லை. செம்புக்கு வெள்ளி விலை போட்டு அதற்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். அதே கொலுசை மறுநாள் திருப்பிக் கொண்டுபோனால் மேசைக்காரர் மிஷினில் வைத்துவிட்டு, "எழுவது டச்சும்மா" என்பார். வாங்கும்போது அதன் பெயர் வெள்ளி. விற்கப் போகும்போதுதான் அதற்கு டச் என்று ஒன்று இருப்பது நமக்குத் தெரிகிறது.

பட்டறைக்காரரின் லாபமும் ரூபாயில் இல்லை. வியாபாரி கட்டி வெள்ளி கொடுப்பார், பட்டறை கொலுசு கொடுக்கும். உதாரணத்துக்கு, கொலுசு 70 டச் என்றால், நூறு கிராமுக்கு 76, 78 கிராம் சுத்த வெள்ளி கொடுத்ததாக வரவு வைத்துக்கொள்வார்கள். அந்த ஆறும் எட்டும்தான் பட்டறைக்குக் கூலி, சேதாரம் எல்லாம். "ரூவாய்ல கணக்கு எழுதினா வெலை ஏறி எறங்கறதுல மண்டை வெடிச்சிரும். எனக்கு ராத்திரி தூக்கம் வரணும்னா எத்தன கிலோ இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார் சித்தப்பா. சேதாரத்தில் மிச்சம் பிடிப்பதுதான் சாமர்த்தியம். பட்டறையைப் பெருக்கும் குப்பையைக் கூட வெளியே கொட்ட மாட்டார்கள். அரத்தூளும் பாலிஷ் தூளும் கலந்த அந்த மண்ணை மூட்டை கட்டி வைத்தால், எரித்து வெள்ளி பிரித்து எடுப்பவர்கள் வந்து விலை பேசி வாங்கிப் போவார்கள். அவருடைய இரண்டாவது பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டியது அந்தக் குப்பையில்தானாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயம் என்று 2021இல் வந்துவிட்டது. வெள்ளிக்கு 2025இலும் விருப்பம்தான். 2025 செப்டம்பரிலிருந்து ஹால்மார்க் போட்ட வெள்ளிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி வருகிறது. ஹால்மார்க்கைக் கவனிக்கும் பிஐஎஸ் அமைப்பின் செயலியில் அந்தக் குறியைத் தட்டினால் விவரம் வரும். ஆனால் அந்த ஹால்மார்க்கில் மிகக் குறைந்த தரமே 800. அதாவது 80 டச். நம் ஊர் 70 டச் கொலுசு அந்த வாசலுக்குள்ளேயே நுழைய முடியாது. அதனால் கொலுசு வாங்கினால் பில்லில் டச் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். நான் போன வாரம் அக்கா பேத்திக்கு வாங்கப் போன கடையில் கேட்டேன். எழுதிக் கொடுத்தார்கள், முகத்தைக் கொஞ்சம் உம்மென்று வைத்துக்கொண்டுதான். கேட்டதற்குப் பிறகு விலையும் கொஞ்சம் இறங்கியது, அது எப்படி என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று, ராஜா தலை ரூபாய் மூன்றையும் உருக்கவில்லை. இரண்டு ஐந்தாம் ஜார்ஜ், ஒன்று ஆறாம் ஜார்ஜ். முதல் இரண்டும் 91.67; மூன்றாவது 1944, பாதிதான் வெள்ளி. பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுதான். நாணயத்தை உருக்குவதற்கு முன் வருடத்தைப் பாருங்கள். 1911ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ராஜாவின் அங்கியில் போட்டிருந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய ரகளையாகி, வெளியே விடாமல் வைத்திருந்ததை எல்லாம் திரும்ப உருக்கி, 1912இல் யானைக்கு ஒழுங்காகத் தும்பிக்கை வைத்து அடித்தார்கள். அந்தப் பன்றி ரூபாய் கிடைத்தால் சேகரிப்பவர்கள் வெள்ளி விலையைப் போல் பல மடங்கு கொடுப்பார்கள். அதனால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடாதீர்கள், தேய்த்த நாணயத்துக்கு மதிப்புப் பாதி. எங்களுடையது 1918, 1920. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், யானை யானையாகவே இருந்தது.

மழை விட்டதும் கொத்தனார் வந்தார். பழைய ஓட்டைப் பெயர்த்து, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, புதுத் தட்டோடு பதித்து முடிக்கப் பதினொரு நாள். 1,32,834 ரூபாயில் உருக்குகூலியும் ஓட்டுச் செலவும் போக நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம். பாட்டியின் 26 ரூபாய் எத்தனை ஓடாகியிருக்கும் என்று அம்மா மேலே நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கிணற்றடிப் பக்கம் வரைக்கும் மாமியாருடையது, மீதி விளக்கு என்று ஒரு எல்லை வகுத்தாள்.

மாடியைப் பார்க்கச் சித்தப்பா வந்திருந்தார். அம்மா உள்ளே போய், காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். முறுக்கு இருந்தது அந்தப் பூவேலைத் தட்டில். புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள், கண்ணைப் பறித்தது. சித்தப்பா பழக்க தோஷத்தில் தட்டின் விளிம்பில் விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுக் காதைச் சாய்த்தார்.

"எத்தன டச் தம்பி?" என்றாள் அம்மா.

"முறுக்கு நல்லாயிருக்கு அண்ணி" என்றார் சித்தப்பா.